காக்காவுக்கு வந்த விக்கல்

அனிமேஷன் காமெடிக்கு எழுத வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கம்ப்யூட்டரில் படம் வரைவது பற்றி மட்டும் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். ஓய்வு பெறும் நாள் வரை நான் காக்காவைப் பேப்பரில்தான் கிறுக்கிக் காட்டினேன். பார்த்தவர்கள் பெருச்சாளி நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத் தெரிந்தது எழுத்தும், எழுதியதால் வந்த வம்பும்தான். அதில் ஒரு வம்பை இங்கே சொல்கிறேன். ஒரு சினிமாவைத் தப்பாகக் கேலி செய்ய வேண்டிய நாங்கள், தெரியாத்தனமாகச் சரியாகக் கேலி செய்துவிட்டோம். வம்பு அப்படித்தான் வந்தது.

எங்கள் தொடர் உங்களில் பலர் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்ததுதான். மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு மின்கம்பியில் காக்காய்க் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்கும். குடும்பத் தலைவன் பெயர் சூப்பர்வைசர். எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். கூடவே அவன் மனைவி, வெட்டியாகச் சுற்றும் மச்சான். காக்காயை எந்தத் தியேட்டரில் உள்ளே விடுவார்கள்? அதனால் இவர்கள் சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்து, டீக்கடையில் ஓடும் பாட்டைக் கேட்டு, இந்தப் படத்தின் கதை இதுதான் என்று தாங்களாகவே முடிவு கட்டி, கம்பி மேலேயே நடித்துக் காட்டுவார்கள். வாரம் ஒரு படம்.

பேட்டிகளில் இதைப் பெரிய கற்பனை என்று எழுதினார்கள். நானும் தலையை ஆட்டினேன். உண்மையில் எங்களுக்கு வேறு வழி இல்லை. ஒரு எபிசோடு வரைந்து முடிக்க இரண்டு மாதம் பிடிக்கும். படமோ இரண்டு வாரத்தில் தியேட்டரைக் காலி செய்துவிடும். படம் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால், எங்கள் கேலி டிவியில் வரும்போது அந்தப் படத்தை எடுத்தவருக்கே அது மறந்து போயிருக்கும். ஆகவே டீசர் வந்த அன்றே ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசில் எல்லோரும் உட்கார்ந்து கதையை ஊகிப்போம். டீசரை ஒருமுறை சத்தத்தோடு ஓட்டுவோம், ஒருமுறை சத்தம் இல்லாமல் ஓட்டுவோம். ஆளுக்கொரு கிளைமாக்ஸ் சொல்ல வேண்டும். அவற்றில் எது எந்த ஜென்மத்திலும் நடக்காதோ, அதை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பேய்ப் படத்துக்கு, அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது வாடகை வீட்டு புரோக்கர் என்று எழுதினோம். செத்த பிறகும் வருகிறவர்களுக்கெல்லாம் அறை அறையாகக் காட்டி, "காத்து நல்லா வரும் சார்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். படத்தில் பேய் யாரோ ஒரு ஜமீன் மகள். ஜனங்களுக்கு புரோக்கரைத்தான் பிடித்தது. தப்பாக இருப்பதுதான் எங்கள் பாதுகாப்பும்கூட. யாராவது சண்டைக்கு வந்தால், ஐயா இது உங்கள் படமே இல்லை, ஏதோ காக்காய் சொன்ன கதை என்று கையை விரித்துவிடலாம். பல பேரிடம் விரித்திருக்கிறேன்.

இனி ஜரீனா. ராயப்பேட்டைக்காரி. வீட்டில் உருது, வெளியில் ராயப்பேட்டைத் தமிழ். அப்பாவுக்கு ஜாம்பஜாரில் மசாலாக் கடை. கடையில் உட்கார வேண்டிய நேரத்திலெல்லாம் தியேட்டரில் உட்கார்ந்து வளர்ந்தவள். எங்கள் ஊகக் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். அவள் கணவன் ரஃபீக், அப்போது மிகப் பெரிய டைரக்டர் ஒருவரிடம் உதவி இயக்குநர். அந்த டைரக்டர் இன்றும் படம் எடுக்கிறார், அதனால் பெயர் வேண்டாம். தெற்குச் சீமைக்காரர், அரிவாளும் அம்மாவும் இல்லாமல் படம் எடுக்க மாட்டார் என்ற அளவு போதும். நடந்துகொண்டிருந்த படம் ஓடினால் ரஃபீக்கின் முதல் படத்தைத் தானே தயாரிப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் ரஃபீக் பல வருடமாக அங்கே கிளாப் கட்டையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் படத்தின் டீசர் வந்தது. கணவன் வேலை செய்யும் படத்தை நீ தொடாதே என்று ஜரீனாவிடம் சொன்னேன். வருஷத்தின் பெரிய படத்தை விட்டுவிட்டு நான் என்ன புரோக்கர் பேய்க்கு இரண்டாம் பாகமா எழுதுவது என்று கேட்டாள். ரஃபீக் வீட்டில் வாய் திறப்பதே இல்லையாம். படம் எப்படி வருகிறது என்று கேட்டால், "நல்லா வந்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுவானாம். நான் விட்டுவிட்டேன்.

டீசரில் நாயகன் ஒரு கையில் அரிவாளும் இன்னொரு கையில் பித்தளைச் சொம்புமாக நிற்கிறான். பின்னணியில் அம்மாவின் குரல்: "வந்தவனை வெறும் வாயோட அனுப்பாதடா." அவ்வளவுதான் டீசர். ஜரீனா சொன்ன கிளைமாக்ஸ் இது. சண்டை உச்சத்தில் இருக்கிறது, நாயகன் அரிவாளை ஓங்கிவிட்டான், அந்த நேரம் பார்த்து வில்லனுக்கு விக்கல் எடுக்கிறது. நாயகன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பை எடுத்து நீட்டுகிறான். "குடி. அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறான். தண்ணீர் குடித்த வில்லனுக்குச் சண்டை போட மனசு வரவில்லை. படம் முடிந்தது.

சிரித்துச் சிரித்து எங்களுக்கே விக்கல் வந்துவிட்டது. ஒரு கோடி ரூபாய் செட் போட்டு எவனாவது வில்லனுக்குத் தண்ணீர் கொடுப்பானா, இது நடக்கவே நடக்காது என்று முதலில் சொன்னவன் நான்தான். எபிசோடு தயாரானது. வில்லன் காக்காய் விக்கும்போதெல்லாம் கம்பி ஆடும், கம்பி ஆடும்போதெல்லாம் மயிலாப்பூர் முழுக்கக் கரண்ட் போகும். படம் வெளிவரச் சில வாரங்கள் இருக்கும்போது, விக்கலும் வசனமும் சேர்ந்த சின்ன விளம்பரத் துண்டு ஒன்றைச் சேனலில் ஓட்டினார்கள்.

மறுநாள் காலை ரஃபீக் எங்கள் ஆபீசுக்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடி வந்தான். படத்தின் கிளைமாக்ஸ் அதுவேதானாம். அரிவாள், விக்கல், சொம்பு எல்லாம். வசனம்கூட ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்தக் காட்சியை எடுத்த நாட்களில் யூனிட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். வசனத்தை டைரக்டர் நடிகரின் காதில்தான் சொல்லியிருக்கிறார். இப்போது அதை ஒரு காக்காய் டிவியில் சொல்கிறது. அந்தக் காக்காய்க்கு எழுதியவள் தன் உதவி இயக்குநரின் மனைவி என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் வெளியில் சொன்னது என்று தெரியும் வரை ரஃபீக் ஆபீஸ் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய முதல் படக் கனவு போன மாதிரிதான்.

இதில் பரிதாபம் என்னவென்றால், ரஃபீக்குக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"தூக்கத்துல இன்னாவாச்சும் உளறிக்கினு இருந்திருப்பேனோ சார்?" என்று கேட்டான்.

"இவரு தூக்கத்துல குறட்டை வுடுவாரு சார். அதுல கதை எதுவும் கிடையாது" என்றாள் ஜரீனா.

அவன் சமாதானம் ஆகவில்லை. போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுத் தூங்கி, மறுநாள் அதை டீக்கடைக்குக் கொண்டுவந்து என் காதில் வைத்தான். வெகுநேரம் கேட்டேன். குறட்டைக்கு நடுவில் ஓர் இடத்தில் மட்டும், ஷூட்டிங்கில் கேமரா ஓடும்போது சொல்வதுபோல, தெளிவாக "ரோலிங் சார்" என்றது. வேறு ரகசியம் எதுவும் வெளிவரவில்லை.

சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அம்மையார் போனில் சுலபமான வழி சொன்னார். ஜரீனா கணவனிடமிருந்து தற்செயலாகத் தெரிந்துகொண்டாள் என்று எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியது. ரஃபீக்கும் அதற்குத் தயார். காலில் விழுந்தால் ஆறு மாதத்தில் கோபம் ஆறிவிடும் என்றான். ஜரீனா மட்டும் முடியாது என்றாள். அவளுக்குக் கோபமான கோபம். நான் உட்கார்ந்து யோசித்ததை இவருடைய தூக்கத்தின் கணக்கில் எழுதுவீர்களா என்று கேட்டாள். அதில் நியாயம் இருந்தது.

ஆனால் என் தலைவலி வேறு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு படைப்பாளியிடம் போய் உங்கள் ரகசியம் திருடு போய்விட்டது என்று சொன்னால் கோபப்படுவார், ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருக்கும். திருடும் அளவுக்கு அது ஒரு பொருள் அல்லவா? அதே ஆளிடம், யாரும் திருடவில்லை ஐயா, டீசரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் டைரக்டருக்கு அவமானம், பொய்யைச் சொன்னால் ஜரீனாவுக்கு அவமானம். எதைச் சொன்னாலும் அடி விழப்போவது ரஃபீக்குக்கு.

ஆழ்வார்பேட்டையில் இருந்த டைரக்டரின் ஆபீசுக்கு மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்திருந்த பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிப் போனதில் எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. எல்லாம் தற்செயல், பெரியவர்கள் சிந்தனையும் சின்னவர்கள் சிந்தனையும் ஏதோ ஒரு புள்ளியில் சந்தித்துவிட்டது என்று வழவழவென்று சொல்லித் தப்பித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

டைரக்டர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதனாலேயே பயமாக இருந்தது. மேனேஜர் வழக்கப்படி எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதை எடுத்துக் குடிக்கலாமா, குடித்தால் கிண்டல் செய்வதாக ஆகுமா என்று தெரியாமல் மூவரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தற்செயல் என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏம்மா, ஒனக்கு யாரு சொன்னா?" என்று ஜரீனாவைக் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். உங்க படம்தான் சொல்லுச்சு."

"எந்தப் படம்?"

"எல்லாமும் சார். மொதப் படத்துல கெட்ட சேதி கொண்டு வந்த போஸ்ட்மேனுக்கு மோர் குடுப்பாங்க. அடுத்ததுல கைது பண்ண வந்த இன்ஸ்பெக்டருக்கு காபி. அவரு குடிச்சு முடிச்சுட்டுதான் விலங்கு போடுவாரு. போன படத்துல வீட்டை ஜப்தி பண்ண வந்தவங்களுக்கு நன்னாரி சர்பத். உங்க படத்துல யாரும் தாகத்தோட சண்டை போட்டதே இல்ல சார். டீசர்ல சொம்பைப் பாத்ததும், இந்தத் தடவை வில்லனுக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு."

டைரக்டர் மோர், காபி, சர்பத் என்று விரல் விட்டு எண்ணினார். அவருக்கே அது புதுச் செய்தி என்று நினைக்கிறேன். அவர் படங்களைப் பற்றி ஒரு மணி நேரம் மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன், ஒருவரும் அந்தச் சர்பத்தைக் கவனித்ததில்லை. நான் உட்பட.

"சரி. சொம்பு தெரியும். விக்கல் எப்படித் தெரியும்?" என்றார்.

"தண்ணின்னு வில்லன் கேக்க மாட்டான் சார். கேட்டா அவன் தோத்த மாதிரி. ஹீரோவா போய்க் குடுத்தா லூசு மாதிரி இருக்கும். கேக்காம கேக்கணும். விக்கல் தவிர வேற வழி இல்ல."

"நானும் அதுக்குத்தாம்மா வச்சேன்" என்றார் டைரக்டர்.

பிறகு எபிசோடைப் பார்க்க வேண்டும் என்றார். என் போனில் போட்டுக் காட்டினேன். விக்கலுக்கு விக்கல் மயிலாப்பூரில் கரண்ட் போனது. மேனேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிரித்தது தான் இல்லை என்பதுபோலக் கதவைப் பார்த்தார். டைரக்டர் சிரிக்கவே இல்லை. முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தியேட்டர்லயும் இப்படித்தான் சிரிப்பானுங்களா?"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். இல்லை சார், கண்ணீர் விடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரஃபீக்கின் வேலை பிழைத்துவிடும். அவன் சுவரோரம் நின்று கண்ணாலேயே அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். நானும் மேஜைக்குக் கீழே அவள் காலை மிதிக்கப் போய், தவறி மேஜைக் காலை மிதித்தேன்.

"சிரிப்பாங்க சார். படத்துல எத்தனை விக்கல்?" என்றாள் ஜரீனா.

டைரக்டர் ரஃபீக்கைப் பார்த்தார். "ஏழு சார்" என்றான் அவன்.

"ரெண்டு போதும் சார். மொத விக்கல்ல சிரிப்பாங்க, சிரிச்சுக்கட்டும். ரெண்டாவதுல அவன் மூஞ்சியைக் கிட்ட காட்டுங்க, அடங்கிடுவாங்க. மூணாவதுக்குப் போனீங்கன்னா அது எங்க காக்கா."

டைரக்டர் நாற்காலியை ரஃபீக் பக்கம் திருப்பினார். ஏழு அதிகம் என்று உனக்குத் தோன்றியதா என்று கேட்டார். தோன்றியது என்றான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றார். பயம் என்றான். வீட்டில் மனைவியிடமாவது சொன்னாயா என்றார். இல்லை என்றான். அது ஏன் என்று கேட்டதற்கு, அதுவும் பயம்தான் என்றான்.

"இவன் வெளியே சொல்லிருக்க மாட்டான்" என்று மேனேஜரிடம் சொன்னார் டைரக்டர். "எங்கிட்டயே சொல்லாதவன் ஊருக்கா சொல்லப் போறான்?" பிறகு ரஃபீக்கிடம், "சொன்னேன்னு நெனைச்சு ஒன்ன அனுப்ப இருந்தேன். இப்போ சொல்லாததுக்கு அனுப்பணும் போல இருக்கு" என்றார்.

கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். விக்கலை இரண்டாகக் குறைக்கிறேன். இரண்டாவது விக்கலில் தியேட்டர் அடங்கினால் ரஃபீக்கின் படம் உண்டு. அடங்காவிட்டால், பெண்டாட்டி பேச்சைக் கேட்க வைத்து என் படத்தைக் கெடுத்தவன் என்ற பேரோடு அவன் வேறு ஆபீஸ் பார்த்துக்கொள்ளட்டும். அவள் பேசியதற்கு இவன் ஏன் ஜாமீன் என்று நான் கேட்கவில்லை. நான் சினிமாவில் கேட்ட தீர்ப்புகளில் இது ரொம்பவே நியாயமானது.

அன்று மாலையே நானும் ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் எபிசோடைப் படம் வெளிவருவதற்கு முன் ஓட்டக் கூடாது, விளம்பரத் துண்டையும் நிறுத்த வேண்டும் என்று சேனலிடம் சொன்னேன். அம்மையார் போனிலேயே என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். பெரிய படம், பெரிய பரபரப்பு, இதை விட்டால் உங்கள் காக்காயை யார் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னது வியாபாரத்துக்குச் சரி. ஆனால் ஒருவர் சீரியஸாகச் சொல்லப்போவதை அவர் வாய் திறக்கும் முன்பே சிரிப்பாக்கிவிட்டால், அதற்குப் பெயர் பகடி இல்லை, பழி. அவர் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் நாம் சிரிப்போம். இதை அப்போதே இவ்வளவு அழகாக அம்மையாரிடம் சொன்னேனா என்றால் இல்லை. வரைந்ததில் கோளாறு, திருத்த வேண்டும் என்று புளுகினேன். அந்த வாரம் புரோக்கர் பேயையே மறுபடி ஓட்டினார்கள்.

படம் வெளியான அன்று தி. நகர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்குப் போனோம். வாசலில் மேளம், கட்அவுட்டுக்குப் பால், உள்ளே காகிதத் துண்டு மழை. ரஃபீக் நடுவில், ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஜரீனா. இடைவேளையில் வாங்கிய பாப்கார்னை அவன் கடைசி வரை தொடவில்லை. டைட்டிலில் தன் பெயர் வந்ததைக்கூட அவன் பார்த்தானா என்று சந்தேகம்.

கிளைமாக்ஸ் வந்தது. அரிவாள் மேலே போனது. வில்லனுக்கு முதல் விக்கல். அவள் சொன்னபடியே தியேட்டர் சிரித்தது. சிரிப்பு அடங்கப் போகிற நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவன், "டேய், காக்கா டா" என்று கத்தினான். ஓடியது சில நாள்தான் என்றாலும் அந்த விளம்பரத் துண்டு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியிருந்தது, அதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது சிரிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. இன்னும் நாலு பேர் கா கா என்று கத்தினார்கள். ரஃபீக் என் கையை இறுக்கிப் பிடித்தான். இந்தப் பையனின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது கடைசியில் நம்முடைய காக்காய்தான் என்று நினைத்தேன்.

இரண்டாவது விக்கல். திரை முழுக்க வில்லனின் முகம். மீசையெல்லாம் மண், கண்ணில் சின்னப் பிள்ளையின் பயம், கேட்க முடியாத வாய். கா கா என்றவர்களில் ஒருவன் பாதியில் நிறுத்தினான். அப்புறம் இன்னொருவன். நாயகனின் கை அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பைத் தேடிப் போனபோது, மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும் அளவுக்குத் தியேட்டர் அடங்கிவிட்டது. "குடி. அப்புறம் பேசிக்கலாம்" என்றான் நாயகன். விசில்கூட யாரும் அடிக்கவில்லை.

ரஃபீக்கின் படம் பிழைத்தது. அவன் மூச்சை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மனைவி பக்கம் திரும்பினான். அந்தக் காட்சியை டீசரிலேயே கண்டுபிடித்தவள், அதைக் காக்காய்க்கு எழுதி எங்களையெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவள், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"உனக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரியுமே. இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்டான் ரஃபீக்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சா அழக் கூடாதா?" என்றாள்.